மார்ச் 25-ஆ, ஏப்ரல் 6-ஆ? கிரேக்கப் புரட்சி நாளும் முதல் ஒலிம்பிக் தொடக்கமும் குறித்த விவாதம்

கயல் எழுதியது:

உலக நிகழ்வுகளை நாள்வாரியாகத் தொகுத்துத் தரும் பட்டியல்களில், ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சிக்கு எதிரான கிரேக்க விடுதலைப் புரட்சியின் தொடக்கம் மார்ச் 25 என்றும், முதல் நவீன ஒலிம்பிக் போட்டியின் தொடக்க விழா ஏப்ரல் 6 என்றும் காணப்படுகின்றன. இடையே பன்னிரண்டு நாள் இருப்பதால் இவ்விரண்டுக்கும் உறவு உண்டு என்று வாசகருக்குத் தோன்ற வழியே இல்லை. ஆனால் 1896-இல் ஏதென்சில் வாழ்ந்த ஒருவருக்கு இவை ஒரே நாள். அப்போது கிரேக்கத்தில் நடைமுறையில் இருந்தது பழைய ஜூலியன் நாட்காட்டி. மேற்கு ஐரோப்பாவிலும் இன்று நம்மிடமும் வழங்கும் கிரிகோரியன் நாட்காட்டியைவிட அது பன்னிரண்டு நாள் பின்தங்கியிருந்தது. மேற்கு ஐரோப்பாவில் ஏப்ரல் 6 என்று எழுதப்பட்ட அந்தத் திங்கட்கிழமைதான் ஏதென்சில் மார்ச் 25.

இதைத் தற்செயல் என்று கொள்ள முடியாது. 1821-இல் தொடங்கிய புரட்சிக்கு 1896-இல் சரியாக 75 ஆண்டு நிறைவடைந்தது. நாட்டின் முதன்மையான தேசிய விழா நாளையே போட்டியின் முதல் நாளாக வைத்தார்கள். அன்று பானதினைக்கோஸ் அரங்கில் எழுந்து நின்ற அரசர் முதலாம் ஜார்ஜ், ஏதென்சில் முதல் பன்னாட்டு ஒலிம்பிக் போட்டிகள் தொடங்குவதாக அறிவித்து, நாடு வாழ்க, கிரேக்க மக்கள் வாழ்க என்று முடித்தார். அரங்கிலும் அதைச் சூழ்ந்த குன்றுகளிலும் கூடியிருந்தோர் சுமார் 80,000 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் விளையாட்டைப் பார்க்க மட்டும் வந்த கூட்டமன்று. தன் நாட்டின் விழாவைக் கொண்டாட வந்த கூட்டம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: கிரேக்க வரலாற்றைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஒலிம்பிக் தொடக்கத்தையும் மார்ச் 25-இன் கீழேயே குறிக்க வேண்டும். நாட்காட்டிக் கணக்கின் பெயரால் இவற்றைப் பிரித்துவிட்டால், அந்த விழாவை நடத்தியவர்கள் எதைச் சொல்ல விரும்பினார்களோ அதுவே மறைந்துபோகிறது.

மாறன் எழுதியது:

கயல் அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். கோரிக்கையை ஏற்க மாட்டேன். தேதி என்பது ஒரு நிகழ்வு காலத்தில் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் குறி. அந்தக் குறி எல்லா நிகழ்வுகளுக்கும் ஒரே அளவுகோலில் இருந்தால்தான் பயன்படும். ஏதென்ஸ் ஒலிம்பிக்கை மார்ச் 25-இல் வைத்தால், அதே வாரத்தில் பாரிசிலோ இலண்டனிலோ நடந்த நிகழ்வுகளோடு அதை எப்படி ஒப்பிடுவது? உண்மையில் தவறு ஒலிம்பிக் வரியில் இல்லை, புரட்சி வரியில் இருக்கிறது. 1821-இன் ஜூலியன் மார்ச் 25-உம் கிரிகோரியன் கணக்கில் ஏப்ரல் 6-தான், ஏனெனில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இரு நாட்காட்டிகளுக்கும் இடையே 12 நாள் வேறுபாடு இருந்தது. இரண்டையும் இணைக்க வேண்டும் என்றால் ஏப்ரல் 6-இல் இணையுங்கள்.

இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றும் இருக்கிறது. 1821 மார்ச் 25 அன்று என்னதான் தொடங்கியது? பாட்ராவின் பேராயர் கெர்மனோஸ் கலாவ்ரிதாவுக்கு அருகில் உள்ள ஆயியா லாவ்ரா மடத்தில் புரட்சிக் கொடியை ஆசீர்வதித்து வீரர்களிடம் சூளுரை பெற்றார் என்பது பள்ளிக் குழந்தைகள் வரை அறிந்த கதை. அந்தப் பேராயரே எழுதிய நினைவுக் குறிப்புகளில் இக்காட்சி இல்லை. பிரெஞ்சுக்காரரான புக்வில் 1824-இல் வெளியிட்ட வரலாற்று நூல் இக்கதையைப் பரப்பியது. 1865-இல் தியோதோரோஸ் விரிசாகிஸ் தீட்டிய ஓவியம் அதை மக்கள் மனத்தில் நிலைக்கச் செய்தது. இன்றைய வரலாற்றாசிரியர்களுள் பெரும்பாலோர் இதைப் புனைவாகவே கருதுகிறார்கள்.

நடந்தவற்றின் வரிசை வேறு. புரட்சித் தலைவர் அலெக்சாந்த்ரோஸ் இப்சிலாந்திஸ் பிப்ரவரி 22 அன்றே, வடக்கே புருத் ஆற்றைக் கடந்து மால்தாவியாவுக்குள் நுழைந்தார். இரண்டு நாள் கழித்து யாஷ் நகரில் தம் அறைகூவலை வெளியிட்டார். தெற்கே மானிப் பகுதியினர் மார்ச் 17-இல் ஆரியோபோலியில் ஆயுதம் ஏந்தினர். மார்ச் 21-இல் கலாவ்ரிதாவில் முற்றுகை தொடங்கியது. மார்ச் 23-இல் கிளர்ச்சித் தலைவர்களான பெத்ரோபே மாவ்ரோமிகாலிஸ், கொலோகோத்ரோனிஸ், பாப்பாஃபிளேசாஸ் ஆகியோர் கலமாத்தாவைக் கைப்பற்றினர். (இவை யாவும் பழைய கணக்கின் தேதிகள்.) மார்ச் 25 வருவதற்குள் தென் கிரேக்கம் ஏற்கெனவே கிளர்ந்தெழுந்திருந்தது. தொடங்காத ஒன்றின் தொடக்க நாளோடு, திட்டவட்டமாக நடந்த ஒன்றை இணைக்கச் சொல்வது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

ஆதிரை எழுதியது:

மாறன் ஐயா சொன்ன நிகழ்வு வரிசை முழுவதும் சரி. ஆனால் அவர் எடுத்த முடிவு அந்த வரிசையிலிருந்து வருவதாக எனக்குப் படவில்லை. மார்ச் 25 என்பது கிரேக்கருக்கு முதலில் ஒரு திருநாள், பிறகுதான் ஒரு தேதி. வானதூதர் கபிரியேல் மரியாளுக்குச் செய்தி அறிவித்த மங்கள வார்த்தைத் திருநாள் அது. புரட்சிக்குத் திட்டமிட்ட ஃபிலிகி எதெரியா என்ற இரகசியச் சங்கம் 1814-இல் ஒதேசாவில் தொடங்கப்பட்டது. அது எழுச்சிக்கு முதலில் குறித்திருந்த நாளும் இந்தத் திருநாள்தான். திட்டம் ஒட்டோமான் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டதால் நிகழ்வுகள் முந்திக்கொண்டன. அந்த நாளில் போர் தொடங்கவில்லை என்பது உண்மை. அந்த நாளை நினைத்துத்தான் போர் திட்டமிடப்பட்டது என்பதும் உண்மை.

1838-இல் அரசர் ஓட்டோ பிறப்பித்த ஆணையைப் பாருங்கள். மங்கள வார்த்தைத் திருநாளால் கிரேக்கர் அனைவருக்கும் தன்னளவிலேயே ஒளி பொருந்திய இந்நாள், விடுதலைப் போரின் தொடக்கத்தால் மேலும் ஒளி பெறுகிறது என்று கூறி, அதை என்றென்றைக்கும் தேசிய விழாவாக நிறுவுகிறது அவ்வாணை. பவாரியாவில் பிறந்த கத்தோலிக்கரான ஓர் அரசர், தம் ஆர்த்தடாக்ஸ் குடிமக்களின் திருநாளை முன்னால் வைத்து நாட்டு விழாவைப் பின்னால் வைத்தார் என்பதில் அரசியல் அறிவும் இருக்கிறது, அம்மக்களைப் பற்றிய புரிதலும் இருக்கிறது. திருநாளின் தேதியை மாற்றி ஏப்ரல் 6 என்று எழுதினால் அந்த ஆணைக்கே பொருள் இல்லாமல் போகும். ஆண்டு நினைவைத் திதி பார்த்துக் கொள்ளும் வழக்கம் உள்ள நமக்கு இது புரியாத செய்தியன்று.

அந்தப் போரில் ஒட்டோமான் படை முற்றுகையிட்ட மிசொலோங்கி நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டு முற்றுகையில் பட்டினி கிடந்த அவ்வூரார் 1826 ஏப்ரல் 10-ஆம் நாள் இரவில், பழைய கணக்குப்படி, வாயில்களைத் திறந்துகொண்டு வெளியேறப் பாய்ந்தனர். பெரும்பாலோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர். அது ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்திய இரவு. இன்றும் அந்நகரம் அந்த நினைவை ஏப்ரல் 10-இலும் கொண்டாடுவதில்லை, 22-இலும் கொண்டாடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் குருத்து ஞாயிறு எப்போது வருகிறதோ அப்போது ஊர்வலம் நடத்துகிறது. மாறன் ஐயா கேட்கும் ஒற்றை அளவுகோலை வைத்துக்கொண்டு அந்த ஊர்வலத்தை எந்தத் தேதியில் எழுதுவது?

பரிதி எழுதியது:

திருநாள் பற்றிய வாதம் 1821-க்குப் பொருந்தலாம். ஒலிம்பிக்குக்குப் பொருந்தாது. நான் விளையாட்டின் பக்கம் நின்று பேசுகிறேன்.

1894 ஜூனில் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டில்தான் ஒலிம்பிக்கை மீட்டெடுக்கும் முடிவு எடுக்கப்பட்டது. முயற்சியின் உயிர் பிரெஞ்சுக்காரரான குபெர்த்தென். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் தலைவர் கிரேக்கரான திமித்ரியோஸ் விகேலாஸ். மாரத்தான் ஓட்டத்தை முன்மொழிந்தவர் மிஷெல் பிரேயால் என்ற பிரெஞ்சு மொழியியலாளர். முதல் நாளிலேயே மும்முறைத் தாண்டலில் வென்று, பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் முதல் ஒலிம்பிக் வெற்றியாளரானவர் பாஸ்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் கானலி. அந்த அமெரிக்கருக்கு அது கிரேக்க விடுதலையின் 75-ஆவது ஆண்டு என்பது எந்த வகையில் பொருட்டு? பல நாட்டவர் சேர்ந்து செய்த ஒன்றை ஒரே நாட்டின் விழாவுக்குள் அடைத்துவிடுவது, அது எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதற்கே எதிரானது.

அடுத்த ஆண்டே என்ன நடந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1897-இல் கிரேக்கம் ஒட்டோமான் பேரரசோடு போருக்குப் போய், சில வாரங்களிலேயே கடுமையாகத் தோற்றது. அரங்கில் எழுந்த நாட்டுப் பெருமிதமே போருக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. கிரீட் தீவின் எழுச்சிதான் அதற்கு உடனடிக் காரணம். ஆனாலும் விளையாட்டு விழாவும் நாட்டு விழாவும் ஒன்றாகக் கலப்பதை வியந்து பாராட்டும்போது அந்தக் காலத்தின் சூட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2013-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, வளர்ச்சிக்கும் அமைதிக்குமான பன்னாட்டு விளையாட்டு நாளாக ஏப்ரல் 6-ஐ அறிவித்தது. ஏதென்ஸ் தொடக்க விழாவை நினைத்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தார்கள். உலகம் ஏற்றுக்கொண்ட அந்த நாள் இருக்கும்போது அதை மார்ச் 25-க்கு இழுக்க வேண்டிய தேவை என்ன?

கயல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பரிதிக்கு முதலில் மறுமொழி சொல்கிறேன், ஏனெனில் அவருடைய வாதமே எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது.

முடிவு பாரிசில் எடுக்கப்பட்டது என்பது சரி. ஆனால் முடிவு எடுப்பது வேறு, செய்து முடிப்பது வேறு. 1893 டிசம்பரில் கிரேக்க அரசு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலைக்கு வந்துவிட்டது. நாம் திவாலாகிவிட்டோம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னவராக அறியப்படும் பிரதமர் திரிகூபிஸ், இந்தச் சூழலில் ஒலிம்பிக் செலவு தாங்காது என்று வெளிப்படையாக எதிர்த்தார். 1895 ஜனவரியில் அவர் பதவி விலகிய பிறகே வழி திறந்தது. பட்டத்து இளவரசர் கான்ஸ்டன்டைன் தலைமையில் குழு அமைந்தது. மெத்சோவோவில் பிறந்து எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பொருள் ஈட்டிய வணிகர் அவெரோஃப், பழைய அரங்கைப் பென்தெலிக் சலவைக்கல்லால் புதுப்பிக்க 9 லட்சம் திராக்மாவுக்கும் மேல் கொடுத்தார். பன்னிரண்டு ஒலிம்பிக் அஞ்சல்தலைகளை அரசு வெளியிட்டு மேலும் பணம் திரட்டியது. ஒலிம்பிக்கின் பெயரில் உலகில் முதன்முதலாக வெளிவந்த அந்த அஞ்சல்தலைகளும் தொடக்க விழா நாளிலேயே விற்பனைக்கு வந்தன. போட்டிகள் நடந்துகொண்டிருந்த அந்தச் சில நாள்களுக்குள்ளேயே திரிகூபிஸ் பிரான்சின் கான் நகரில் இறந்தார். நாட்டின் நிதிநிலை பற்றி அவர் கொண்டிருந்த அச்சம் பொய்யானது அல்ல. இவ்வளவு இடரையும் ஒரு வறிய நாட்டு மக்கள் ஏன் ஏற்றார்கள் என்பதற்கு, அது தங்கள் 75-ஆவது ஆண்டு என்பதை விட்டுவிட்டு எப்படி விடை சொல்ல முடியும்?

பண்பாட்டுக்கு வருகிறேன். அந்த விழாவுக்காகவே ஒலிம்பிக் கீதம் ஆக்கப்பட்டது. இசை கோர்ஃபுவில் பிறந்த ஸ்பிரிதோன் சமாராஸ். பாடல் கவிஞர் கோஸ்திஸ் பலமாஸ். 1958-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதையே அதிகாரப்பூர்வமான கீதமாக ஏற்றது. இன்று எந்த நாட்டில் ஒலிம்பிக் நடந்தாலும் ஒலிப்பது அதுதான். பலமாஸ் யார் என்பதை அறிந்தால் இதன் எடை தெரியும். 1943 பிப்ரவரியில், ஜெர்மானியரும் இத்தாலியரும் ஆக்கிரமித்திருந்த ஏதென்சில் அவர் இறந்தபோது, அவருடைய இறுதிச் சடங்குக்குத் திரண்ட பெருங்கூட்டம் தடையை மீறித் தேசிய கீதத்தைப் பாடியது. அந்தத் தேசிய கீதம் 1823-இல், புரட்சி நடந்துகொண்டிருந்தபோதே, ஜாகிந்தோஸ் தீவில் சொலோமோஸ் எழுதிய 158 பத்திகள் கொண்ட விடுதலைப் பாடலின் தொடக்கம். விடுதலைக்குச் சொலோமோஸ், ஒலிம்பிக்குக்குப் பலமாஸ் என்று கிரேக்கர் இரண்டையும் ஒரே மரபாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்த இணைப்பு 1896-ஓடு முடிந்துவிடவும் இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கான சுடர் பண்டைய ஒலிம்பியாவில் ஏற்றப்பட்ட நாள் மார்ச் 25. விழா தொடங்கியது ஆகஸ்ட் 13-இல். சுடரை வேறு எந்த நாளிலும் ஏற்றியிருக்கலாம். அந்தப் போட்டிகளின் அமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய யான்னா ஆங்கெலோபூலு தாஸ்கலாகிதான், 2021-இல் வந்த புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கான குழுவுக்கும் தலைவராக நியமிக்கப்பட்டார். கிரேக்க அரசின் கண்ணில் இவ்விரண்டும் ஒரே வகையான பணி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாறன் எழுதியது:

கயல் அவர்கள் தந்த 2004 எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. 2004 மார்ச் 25 என்பது புதிய நாட்காட்டியின் மார்ச் 25. கதிரவனைச் சுற்றிப் பூமி நிற்கும் இடத்தைக் கொண்டு பார்த்தால் 1821-உம் 1896-உம் ஒரே இடத்தில் இருக்கின்றன, 2004 வேறொரு இடத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே தொடர்வது அந்த நாள் அல்ல. மார்ச் 25 என்ற பெயர் மட்டுமே. பெயர் தொடர்வதைப் பண்பாட்டு வரலாறு பதிவு செய்யட்டும், எனக்கு மறுப்பில்லை. நாள்வாரிப் பட்டியல் பதிவு செய்ய வேண்டியது நாளை.

கிரேக்க அரசே இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலக் கவிஞர் பைரன் மிசொலோங்கியில் நோய்வாய்ப்பட்டு 1824-இல் இறந்தார். மேற்கு ஐரோப்பியக் கணக்கில் ஏப்ரல் 19. அவ்வூர்க் கணக்கில் ஏப்ரல் 7. கிரேக்கப் பற்றாளர்களை, அதாவது கிரேக்கத்துக்குத் துணைநின்ற வெளிநாட்டவரை, நினைவுகூரும் நாளாக 2008-இல் கிரேக்க அரசு தேர்ந்தது ஏப்ரல் 19-ஐத்தான். பைரனுக்குப் புதிய கணக்கு, புரட்சிக்குப் பழைய கணக்கு, மிசொலோங்கி வெளியேற்றத்துக்கு நகரும் திருநாள் என்று மூன்று முறைகள் ஒரே போரைப் பற்றிய நினைவுகளில் புழங்குகின்றன. அவர்கள் அப்படிக் கொண்டாடுவதில் பிழை ஏதும் இல்லை. வெளியிலிருந்து எழுதும் நாமும் அப்படியே எழுதினால், பைரன் இறந்தபோது பழைய கணக்கில் ஏப்ரல் 7 என்பதை அறியாத வாசகர் வரிசையையே தவறாகப் புரிந்துகொள்வார்.

மேலும், தேதி துல்லியமாக வேண்டும் என்றால் கிரேக்க விடுதலைக்கு அப்படிப்பட்ட நாள்கள் உண்டு. 1827 அக்டோபர் 20-இல் நவரினோ விரிகுடாவில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகியவற்றின் கூட்டுக் கடற்படை ஒட்டோமான், எகிப்தியக் கப்பல்களை அழித்தது. 1830 பிப்ரவரி 3-இல் இலண்டன் உடன்படிக்கை கிரேக்கத்தை இறையாண்மை கொண்ட தனி நாடாக அறிவித்தது. இவை ஐயத்துக்கு இடமின்றிப் பதிவானவை. பட்டியலில் முதலிடம் இவற்றுக்குத்தான் தரப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஆதிரை எழுதியது:

பிப்ரவரி 3-ஐ எந்தக் கிரேக்கக் கிராமமும் கொண்டாடுவதில்லை, ஐயா. அது மூன்று வல்லரசுகள் இலண்டனில் கையெழுத்திட்ட நாள். மக்கள் தங்கள் விடுதலையைத் தாங்கள் எழுந்த நாளில் நினைக்கிறார்களே தவிர, பிறர் அதை ஒப்புக்கொண்ட நாளில் அல்ல. மார்ச் 25-க்கு முன்னரே எழுந்த ஊர்கள் தங்கள் உரிமையை விட்டுவிடவும் இல்லை: ஆரியோபோலி மார்ச் 17-ஐயும், கலமாத்தா மார்ச் 23-ஐயும் இன்றும் தனியே கொண்டாடுகின்றன. நாடு முழுவதற்கும் பொதுவான நாள் ஒன்று வேண்டும் என்றபோது, எந்த ஓர் ஊரின் நாளையும் எடுக்காமல் எல்லா ஊர்க் கோயில்களிலும் ஏற்கெனவே மணி ஒலிக்கும் திருநாளை எடுத்ததால்தான் அது நிலைத்தது என்று நான் நினைக்கிறேன். ஆயியா லாவ்ரா மடமும் இந்தக் கதையால் மட்டும் புகழ் பெற்றதன்று. போரின்போது எகிப்தியத் தளபதி இப்ராகிம் பாஷாவின் படை அதை எரித்தது. 1943 டிசம்பரில், கலாவ்ரிதாவின் ஆண்களைச் சுட்டுக் கொன்றதற்கு மறுநாள், ஜெர்மானியப் படை மீண்டும் எரித்தது. கொடி அங்கே உயர்த்தப்படவில்லை என்று மெய்ப்பித்தாலும் அந்த இடத்தின் மேல் கிரேக்கருக்கு உள்ள பற்று குறையாது.

நாட்காட்டி மாற்றத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கிரேக்க அரசு 1923-இல் கிரிகோரியன் கணக்குக்கு மாறியது: பிப்ரவரி 15-க்கு மறுநாள் மார்ச் 1. திருச்சபை அப்போது மாறவில்லை. அரசு அலுவலகம் ஒரு தேதியிலும் கோயில் பதின்மூன்று நாள் பின்தங்கிய வேறொரு தேதியிலும் ஓராண்டுக்கு மேல் இருந்தன. இந்தப் பிளவு மிகவும் உறுத்தியது மார்ச் 25-இல்தான், ஏனெனில் நாட்டு விழாவும் திருநாளும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதுதானே 1838 ஆணையின் உயிர். 1924-இல் திருச்சபையும் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது; மார்ச் 10 என்று இருக்க வேண்டிய நாள் மார்ச் 23 ஆனது. இரண்டே நாளில் மங்கள வார்த்தைத் திருநாள் வந்தது. அதே நாளில், 1924 மார்ச் 25-இல், பிரதமர் பாப்பனஸ்தாசியூவின் அரசு நாடாளுமன்றத்தில் முடியாட்சியை நீக்கிக் குடியரசை அறிவித்தது. ஏப்ரல் 13-இல் நடந்த பொதுவாக்கெடுப்பு அதை உறுதி செய்தது. புதிய கணக்கின் முதல் பொதுத் திருநாளையே அவர்கள் குடியரசுக்கும் எடுத்துக்கொண்டார்கள். மாறன் ஐயா அதை வெறும் பெயர் என்பார். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக ஒரு நாடும் திருச்சபையும் தங்கள் நாட்களையே நகர்த்திக்கொண்டன என்று நான் சொல்வேன்.

1896-ஐப் பற்றி ஒரு செய்தி. அந்த ஆண்டு கிழக்குத் திருச்சபையின் ஈஸ்டரும் மேற்குத் திருச்சபையின் ஈஸ்டரும் ஒரே ஞாயிற்றில் அமைந்தன. ஈஸ்டர் நாளிலே அரங்கின் முன்னால் அவெரோஃபின் சிலையைத் திறந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை ஒலிம்பிக். வழக்கமாக மார்ச் 25, ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்துக்குள் வரும். அன்று மீன் உண்ணத் திருச்சபை இசைவு தருவதால்தான், உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை ஊறவைத்துப் பொரித்து, ஸ்கோர்தாலியா என்னும் பூண்டு மசியலோடு உண்ணும் வழக்கம் நாடெங்கும் வந்தது. 1896-இல் தவக்காலம் முடிந்தே போயிருந்தது. ஆகவே ஏதென்ஸ் மக்கள் அன்று நோன்பும் தீர்ந்து, திருநாளும் நாட்டு விழாவும் கூடி, மூன்று மகிழ்ச்சியோடு அரங்குக்கு வந்தார்கள். ஏப்ரல் 6 என்ற எண்ணைப் பார்க்கும் வாசகருக்கு இவற்றுள் எதுவும் தெரியாது.

பரிதி எழுதியது:

ஆதிரை காட்டிய ஏதென்ஸ் மக்களின் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அரங்குக்குள் ஓடியவர்களும் தாண்டியவர்களும் யார் என்பதை விட்டுவிட்டு விழாவை மட்டும் பார்க்கிறீர்கள் என்பதே என் குறை. கிரேக்கர் மிகவும் எதிர்பார்த்த வெற்றி அந்த மார்ச் 25-இல் வரவே இல்லை. மாரூசியிலிருந்து வந்த ஸ்பிரிதோன் லூயிஸ் மாரத்தானில் 2 மணி 58 நிமிடம் 50 நொடியில் முதலாவதாக ஓடி வந்தது நான்கு நாள் கழித்து, பழைய கணக்கில் மார்ச் 29-இல். விளையாட்டு தனக்கென்று ஒரு கால ஒழுங்கை வைத்திருக்கிறது. அரசின் விழா நாளுக்கு அது கட்டுப்படுவதில்லை. லூயிசின் நாளை ஏப்ரல் 10 என்று எழுதுவதில் இங்கே யாருக்கும் மறுப்பு இல்லையே, தொடக்க விழாவுக்கு மட்டும் ஏன் வேறு முறை?

கயல் எழுதியது:

லூயிசின் வெற்றி நாளை யாரும் முன்கூட்டித் தேர்ந்து வைக்கவில்லை, பரிதி. தொடக்க நாளைத் தேர்ந்து வைத்தார்கள். ஒன்று நேர்ந்த தேதி, மற்றொன்று எண்ணி வைத்த தேதி. என் வாதம் எண்ணி வைத்ததற்கு மட்டுமே.

இருந்தாலும், மாறன் ஐயா சொன்ன ஒப்பீட்டுத் தேவையை நான் புறக்கணிக்க விரும்பவில்லை. ஆகவே ஏப்ரல் 6-இல் உள்ள வரியை நீக்காமல், இவ்வாறு எழுதலாம் என்று முன்மொழிகிறேன்: ‘1896: கிரேக்கத்தில் அப்போது வழக்கில் இருந்த ஜூலியன் நாட்காட்டிப்படி மார்ச் 25 ஆன இந்நாளில், விடுதலைப் புரட்சியின் 75-ஆவது ஆண்டு விழாவோடு சேர்த்து, முதல் நவீன ஒலிம்பிக் போட்டிகள் ஏதென்சில் தொடங்கின.’ மார்ச் 25-இன் கீழும் இதைச் சுட்டும் ஒரு வரி இடம்பெற வேண்டும்.

மாறன் எழுதியது:

ஏப்ரல் 6-க்கான அந்த வரியை முழுமையாக ஏற்கிறேன். மார்ச் 25-இன் கீழ் ஒலிம்பிக்கைப் பற்றி வரி வேண்டியதில்லை என்ற என் நிலை மாறவில்லை. ஒரே நிகழ்வு இரண்டு இடங்களில் வந்தால் இரண்டு நிகழ்வுகளாகவே வாசிக்கப்படும்.

மார்ச் 25-இல் புரட்சியைப் பற்றி இருக்கும் வரிக்கு ஒரு நிபந்தனை வைக்கிறேன். ‘புரட்சி தொடங்கியது’ என்று எழுதக்கூடாது. ‘புரட்சியின் தொடக்கம் கொண்டாடப்படுகிறது’ என்றே எழுத வேண்டும். 1838 ஆணையின் ஆண்டையும் அங்கேயே தர வேண்டும்.

ஆதிரை எழுதியது:

அந்த நிபந்தனையை ஏற்கிறேன், ஐயா. ஆணையின் ஆண்டோடு திருநாளின் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் பக்கத்து நிபந்தனை.

மூன்றாவது தேதி ஒன்றும் இருக்கிறது என்பதை யாரும் குறிப்பிடவில்லை. வட கிரேக்கத்தில் மடங்கள் நிறைந்த ஆதோஸ் மலையின் துறவியர் இன்றும் பழைய நாட்காட்டியையே பின்பற்றுகிறார்கள். அவர்களுடைய மார்ச் 25 நமக்கு ஏப்ரல் 6 அல்ல, ஏப்ரல் 7. 1900-ஆம் ஆண்டு ஜூலியன் கணக்கில் நெட்டாண்டு (லீப் ஆண்டு), கிரிகோரியன் கணக்கில் அப்படி இல்லை. அதனால் 12 நாளாக இருந்த வேறுபாடு அந்த ஆண்டு 13 ஆனது. 2100-இலும் இதே நிலை வரும். வேறுபாடு 14 ஆகி, அவர்களுடைய திருநாள் ஏப்ரல் 8-க்குப் போகும். 1896-இல் ஏதென்சும் ஆதோசும் ஒரே நாளில் கொண்டாடிய விழாவை இன்று மார்ச் 25-இல் ஏதென்சும், ஏப்ரல் 7-இல் ஆதோசும் கொண்டாடுகின்றன. ஏப்ரல் 6 அவ்விரண்டிலும் இல்லை. பட்டியலில் ஏப்ரல் 7-க்கும் ஒரு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.